முன் சீட்டும் என் இடுப்பும்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. குனிய முடியவில்லை. கோலம் இல்லை, வாசலில் தண்ணீர் தெளித்ததோடு சரி.

சேலம் போய் டாக்டரைப் பார்த்து வந்தோம். புதுச்சத்திரத்திலிருந்து பைபாஸில் போனால் வழுவழு ரோடு. இவர் ஆட்டையாம்பட்டி வழியாகத் திருப்பினார். தன் அண்ணனுக்கு முறுக்கு வாங்கணுமாம். ஒவ்வொரு வேகத்தடையிலும் முதுகில் கடப்பாரை இறங்கியது. "மெதுவாப் போங்க" என்றேன். அடுத்ததில் வேண்டுமென்றே மிதித்தார். முறுக்கு மொத்தத்தையும் அவர் மண்டையில் போட்டு நொறுக்கலாமா என்று இருந்தது. மடியில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டு வந்தேன். ஒன்றுகூட உடையவில்லை.

டாக்டர்: "எப்பவாவது கீழ விழுந்தீங்களாம்மா?"

நான் வாய் திறக்குமுன் இவர்: "கோழிக்கொட்டாயில வழுக்கி உழுந்துட்டா சார்."

எந்த டாக்டரானாலும் இதே பதில். வழுக்கவில்லை. முட்டை அட்டை அடுக்கு என் கை பட்டுச் சரிந்தது. எட்டி உதைத்தார். தண்ணீர்த் தொட்டி விளிம்பில் போய் விழுந்தேன். கவிதா அப்போது காலேஜ் ஹாஸ்டலில். மகளுக்கும் வழுக்கிய கதைதான் சொன்னோம்.

ஞாயிற்றுக்கிழமை ஓசூர்ப் பயணத்துக்கு டாக்டர் சொன்னது:
- முன் சீட்டு. பாதி சாய்த்து.
- இடுப்புப் பள்ளத்தில் துண்டைச் சுருட்டி வைக்க.
- அடிக்கடி நிறுத்தி, இறங்கி நாலு எட்டு நடக்க.
- மாத்திரை வெறும் வயிற்றில் கூடாது.

மார்ச் 5, வியாழன்

புழுக்கம். புளி ஊறப்போட்டாச்சு. எள்ளு வறுக்கணும். கவிதாவுக்கு ஏழாம் மாசம். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஓசூர் சம்பந்தி வீட்டுக்குப் போய், விருந்து போட்டு, அவளை இங்கே கூட்டிவர வேண்டும். பிரசவம் இங்கேதான்.

மச்சாண்டாரும் வருகிறாராம். இவருடைய அண்ணன், எருமப்பட்டியில் இருக்கிறார். அவர் எதிரே நான் நாற்காலியில்கூட உட்கார்ந்தது கிடையாது. இருந்தாலும் கேட்டேன்.

"டாக்டரு முன் சீட்டுன்னாருங்க."

"அண்ணனைப் பின்னால உக்கார வெச்சுட்டு நீ முன்னால வாரியா? கிறுக்கா புடிச்சிருக்கு?"

"இடுப்பு தாங்காதுங்க."

சொம்பு பறந்து வந்தது. என் காதோரம் போய்ச் சுவரில் பட்டுக் காரை பெயர்ந்தது. முன்பென்றால் நடுங்கியிருப்பேன். இன்று அதை எடுத்து அவர் பல்லில் அடிக்கக் கை பரபரத்தது. நசுங்கின சொம்பிலேயே தண்ணீர் மொண்டு குடித்தேன்.

எள்ளு கொஞ்சம் தீய்ந்துவிட்டது.

மார்ச் 8, ஞாயிறு. ஓசூர்

படுத்துக்கொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணல்.

முன் சீட்டில் மச்சாண்டார். சீட்டை முழுசாகச் சாய்த்துக் குறட்டை. அவர் தலை என் மடிக்கு மேலே. பக்கத்தில் சோற்றுப் பாத்திரங்கள். என் துண்டுச் சுருளை இவர் உருவி, புளிச்சோற்றுப் பாத்திரத்துக்கு முட்டுக் கொடுத்தார். சிந்தக் கூடாதாம்.

நிறுத்தவே இல்லை. தொப்பூர் ஏற்றத்தில் ஒரு லாரி வழி விடவில்லை. இவர் முந்திப்போய்க் குறுக்கே நிறுத்தி, ஜாக்கி ராடோடு இறங்கி, லாரியின் கண்ணாடியை அடித்து நொறுக்கினார். டிரைவர் கையில் ரத்தம். "என்ற தம்பிகிட்ட வெச்சுக்காதே" என்று மச்சாண்டாருக்குச் சிரிப்பு. சண்டை முடியும்வரை நான் இறங்கி நாலு எட்டு நடந்தேன். வழியில் எனக்குக் கிடைத்த ஒரே ஓய்வு அதுதான். இப்படி நினைக்க வெட்கமாக இருக்கிறது.

ஓசூரில் காரைவிட்டு இறங்க முடியவில்லை. கதவைப் பிடித்துத் தொங்கினேன். மாப்பிள்ளையின் அம்மா ஓடிவந்தார். "ஏனுங்க சம்பந்தி, இடுப்புக்கு என்னாச்சுங்க?"

"வழுக்கி..." என்று இவர் ஆரம்பித்தார்.

வலி உச்சந்தலையில் நின்றது. "உதைச்சாங்க" என்றேன்.

"அய்யோ சாமி! யாருங்க? எத்தனை பேருங்க?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. நான் வைத்த 'ங்க'வில் ஒரு ஆள் கும்பலாகிவிட்டான். இவரும் சட்டென்று அதற்குள் புகுந்துகொண்டார். "ஆமாங்க, முட்டை திருட வந்த பசங்க. நாலஞ்சு பேரு."

கவிதா: "வழுக்கி உழுந்தாங்கன்னுதானே சொன்னீங்கப்பா?"

இவர் வாய் திறக்குமுன் நான் பேசினேன்.

"நாலஞ்சு பேரில்லீங்க. ஒருத்தன். இவன்தான் உதைச்சான்."

கல்யாணமாகி முதல் முறை, 'ன்'. வாயில் மிளகாயைக் கடித்த மாதிரி இருந்தது. நன்றாகவும் இருந்தது.

என் தலைமுடியைப் பிடித்தார். சம்பந்திகள் நிற்கிற வாசலில். மாப்பிள்ளை அந்தக் கையை முறுக்கி விலக்கினார். "ஊட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம், கம்முனு இரும்மா" என்றார் மச்சாண்டார், என்னைப் பார்த்து.

"அந்த ஊட்டுக்கு நான் வரல" என்றாள் கவிதா. "அம்மாவும் வராது."

மார்ச் 9, திங்கள்

இங்கே காலையில் சில்லென்று இருக்கிறது. தரையில் பாய். முழங்காலுக்கடியில் கவிதாவின் தலையணை. வலி அப்படியேதான். ஆனால் யாரும் பிரேக் போடவில்லை.

கார் நேற்றே போய்விட்டது. முன் சீட்டில் மச்சாண்டார். பின் சீட்டில் பாத்திரங்களும் என் துண்டும்.

கவிதாவுக்கும் இடுப்பு வலிக்கிறதாம். தேய்த்துவிட்டேன். பிறகு அவள் எனக்கு.

மத்தியானம் அவன் போன் பண்ணினான்.

"எப்ப வாரே? முட்டை பொறுக்க ஆளில்ல."

"வரல."

அவன் போனை வைக்கவில்லை. மிச்சமிருக்கும் 'ங்க'வுக்குக் காத்திருந்தான் போல.

வைத்துவிட்டேன்.