அந்தோணி காக்கும் இருவர்

14.6.2001, வியாழன். ராயபுரம்.

நேரில் கண்டதை மட்டும் இடக்கையால் எழுதுகிறேன். ஐஸ் பேக்டரியில் இரத்தக்காட்டேரியிடம் கடிபட்டுத் தானும் காட்டேரியாகிவிட்ட என் தம்பி, மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் என் மகளின் கழுத்தை நோக்கிப் பாய்ந்தான். நான் அரிவாளை ஓங்கினேன். என் தாத்தா காலம் முதல் எங்கள் குடும்பத்தைக் காத்துவரும், சாவே இல்லாத அந்தோணி, என் வலது மணிக்கட்டை முறித்தான்.

“கூடப் பொறந்தவனையே வெட்டுவியா? உங்க தாத்தாவாண்ட குடுத்த வாக்குல அவனும் கீறான், நைனா.”

“என் பொண்ணும்தானே இருக்கா?”

“அதான் பேஜாரு.”

அந்தோணி தன் கையைத் தம்பியின் வாயில் திணித்தான். தம்பி எலும்புவரை கடித்துக் கிழித்தான். கிழிந்த சதை வளர்ந்து மூடியது; மீண்டும் கிழித்தான். மகள் பிழைத்தாள். அந்தோணி தம்பியை அடுத்த அறைக்கு இழுத்துப் போனான்; சதை கிழியும் அந்தச் சத்தம் இன்னும் ஓயவில்லை. வலிக்கிறதா என்று அந்தோணியிடம் கேட்டேன்.

“வலிக்காம இருக்குமா? கதவ சாத்திக்கினு தூங்கு, நைனா.”