சேவுப் பொட்டலத்தை விட்டுவிட்டேன்

என் ஒட்டடைக்கம்பு மச்சானுக்கு,

போட்டோவில் நீங்கள் நிற்பதைப் பார்த்தால், மாலைதான் உங்களைத் தாங்கிப் பிடித்திருக்கிற மாதிரி இருக்கிறது. நான் மட்டும் என்ன, குண்டா? கல்யாணத்தன்று நம்மை ஜோடியாகப் பார்த்து, “பந்தக்காலு ரெண்டு கூடுதலா நட்டுட்டாகளா?” என்று உங்கள் அக்காவே கேட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா?

ஒரு சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், படித்தது அம்புட்டுத்தான். காராச்சேவை விட்டுவிட்டேன். சிரிக்காதீர்கள்.

மஞ்சள்காமாலை உங்களைக் கொண்டுபோன பிறகு நான் ஒழுங்காக அடுப்புப் பற்றவைக்கவே இல்லை. காலையில் டீயும் முறுக்கும். சாயங்காலம் பட்டாசுக் கம்பெனி வேனை விட்டு இறங்கியதும் பொரிகடலை. மத்தியானம் கம்பெனியில் சேவு. வெடிச்சரம் பின்னுகிற கையில் மருந்துப் பொடி ஒட்டியிருக்குமே, அதைத் தேய்த்துக் கழுவுகிற நேரத்தில் இன்னும் கொஞ்சம் பின்னினால் கூலி கூடுமே என்று நினைப்பு. அறைக்கு வெளியே போய் நின்று, பொட்டலத்தின் வாயைப் பல்லால் கடித்து, அண்ணாந்து அப்படியே கொட்டிக்கொள்வேன். தின்பண்டத்தில் கையே படாது. ஒல்லி உடம்புக்கு இது போதாதா?

போன தீபாவளி சீசனில் கை நடுங்க ஆரம்பித்தது. பின்னிய சரமெல்லாம் தொளதொளவென்று வந்தது. ஒருநாள் தலைசுற்றி, சரத்தின் மேலேயே சாய்ந்துவிட்டேன். வெளியே தூக்கிவந்து தண்ணீர் தெளித்தார்கள்.

“யக்கா, இன்னொரு தடவ இப்பிடி விழுந்தீகன்னா உள்ள விட மாட்டேன். மருந்துக்குப் பக்கத்துல மயங்கி விழுறது வெளையாட்டா?” என்றார் போர்மேன்.

“நான் விழுந்தாச் சத்தமே கேக்காதேப்பா. நமுத்த வெடி.”

அவர் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்சம்மா கண் இமையை இழுத்துப் பார்த்து, ரத்தம் இல்லை என்றார். “ஒல்லி உங்க உடம்பு வாகு, அது தப்பில்ல. நேரத்துக்குச் சோறு திங்காம கொறிச்சுக்கிட்டே இருக்கீகளே, அதுதான் தப்பு.”

மகள் மல்லாங்கிணற்றுக்கு வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். செல்போன் வாங்கித் தந்திருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். இந்த வேலையும் போனால் மற்ற நாளெல்லாம் நான் யாரோடு வாயடிப்பேன்?

மறுநாளே உலை வைத்தேன். மத்தியானம் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, எல்லாரோடும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் சரம் பின்னுகிற பார்வதி தூக்குவாளிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“ஏ செல்லத்தாயி, யாருக்கு இம்புட்டுச் சோறு?”

“எனக்குத்தான்.”

“வாளி என்ன, சோறு திங்கிறதுக்கா, இல்ல நீ உள்ள எறங்கி ஒளிஞ்சுக்கிடுறதுக்கா?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் நானும் வாளிக்குள் எட்டிப் பார்த்தேன். இரண்டு பேருக்கு அளந்து போட்டிருக்கிறேன் மச்சான். கை தானாகவே போட்டிருக்கிறது.

சேவு வாங்கினால் யாருக்கு எவ்வளவு என்று அளக்க வேண்டாம். ஒருத்திக்கு மட்டும் அரிசி அளக்கப் பயந்துதான் இத்தனை நாளும் கொறித்துக்கொண்டு கிடந்தேனோ?

பார்வதி என் முகத்தைப் பார்த்தாள். தன் மூடியில் பாதிச் சோற்றை அள்ளிக்கொண்டு, “உப்புதான் கொஞ்சம் தூக்கல்” என்றாள்.

இப்போது மூன்று வேளையும் சோறுதான். எடையா? அது எங்கே ஏறுகிறது! பஸ்ஸில் இன்னமும் இரண்டு பேர் சீட்டில் என்னை மூன்றாவதாகச் சொருகிவிடுகிறார்கள். ஆனால் கை நடுங்கவில்லை, சரம் இறுக்கமாக வருகிறது. போர்மேன் முறைப்பதை விட்டுவிட்டார்.

ஒன்றுதான் பாக்கி. இன்னமும் இரண்டு பேர் அளவுக்குத்தான் பொங்குகிறேன். மிச்சத்துக்குத் தண்ணீர் ஊற்றி வைக்கும்போதெல்லாம் நீங்கள் வேலை முடிந்து வரத் தாமதமாகிறது என்றே தோன்றுகிறது.

நாளைக் காலையில் ஒருத்திக்கு மட்டும் அரிசி போடப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சோற்றை ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்பேன், சத்தியம்.

உங்கள் மாமன் மகள்,
செல்லத்தாய்