கேட் ஓரத்துப் புல்

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டிவலி குறைந்ததா? இங்கே ஸ்வேல்டேலில் நம் கார்ன்வாலைவிட மழை அதிகம். ஆனாலும் எனக்கு ஒரு தும்மல்கூட இல்லை.

நேற்று ஆல்டர்சன் என்ற விவசாயியின் புல்வெளி எந்த வகை என்று பார்க்கப் போனேன். சாதாரண மேய்ச்சல் புல் என்றால் நடுவே ரோடு போட்டுவிடுவார்கள். போன வருடம் இதே ஆய்வுக்கு வந்தவர் சாதாரணப் புல் என்றுதான் எழுதியிருக்கிறார். அறுப்புக்கு நிற்கிற புல்லை மிதிக்கக் கூடாதே என்ற மரியாதையில், கேட் ஓரத்திலேயே சதுரம் போட்டுச் செடிகளை எண்ணியிருக்கிறார். மாடு மிதிக்கிற கேட் ஓரத்தில் எந்த ஊரிலும் ஒரே புல்தானே!

நான் நடுவயலுக்கே போய்க் குப்புறப் படுத்து எண்ணினேன். ஆல்டர்சன் ஓடிவந்தார்.

"ஏம்மா, உசிரு இருக்கா? இருந்தா எந்திரிச்சு வெளிய போ, புல்லு நாசமாகுது!"

"அஞ்சு சதுரத்துலயும் காட்டு ஜெரேனியம் இருக்குங்க. இந்தப் புல்வெளியே அபூர்வமான வகை. இப்ப சொல்லுங்க, போகவா?"

ஆல்டர்சன் முறைத்தபடியே சொன்னார்: "இன்னும் அஞ்சு எண்ணு. மெதுவா மிதி."

அறிக்கையைத் திருத்தி எழுதிவிட்டேன். அதை யாராலும் அசைக்க முடியாது.

உங்கள் பழைய முட்டிக் கவசத்தை அனுப்புங்கள். நம் பின்வயல் புல்லிலும் ஒரு பிடி கவரில் வையுங்கள், என்ன வகை என்று பார்க்க வேண்டும். தபால் வண்டி வந்துவிட்டது.

நடுவயல் வரை நடக்க வேண்டாம் அப்பா. கேட் ஓரத்துப் புல்லே போதும்.

டாம்சின்