மலைக்காரர் பேசிய மொழி

இன்று நூலகத்தில் ஒரு தடித்த ஆங்கில நாவலைப் புரட்டினேன். பைண்டிங் பசையின் வாசனை இன்னும் போகவில்லை. இல்லாத நாடு, இல்லாத ஜனங்கள். கடைசிப் பக்கங்களில் அவர்கள் பேசும் மொழிகளுக்குச் சொற்பட்டியல். சிலவற்றை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். நல்லவர்கள் பேச்சில் ல, ர, ந. கெட்டவர்கள் பேச்சில் க, ட, ற. அர்த்தமே தெரிய வேண்டாம். காதே கட்சி பிரித்துவிடுகிறது.

உன்னிடம் நான் வாதாடியது இதைத்தான். நான் சொன்னது சரி என்று அச்சிலேயே வந்திருக்கிறது. புத்தகத்தை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நம் கையெழுத்துப் பத்திரிகை மாதத்துக்கு ஒரே பிரதி. பத்து வீடு சுற்றி, மல்லேஸ்வரத்தில் என் வீட்டுக்குத் திரும்பி வரும். தொடர்கதை என்னுடையது: நதிக்காரர்களுக்கும் மலைக்காரர்களுக்கும் போர். அவர்கள் பேச இரண்டு மொழிகளை நீ செய்தாய். மர்பி டவுனில், மில் ஷிப்டு முடிந்து, எண்ணெய்க் கறை போகாத விரல்களோடு. நதிக்காரர்களுக்குத் தண்ணீர் 'பிலோ'. மலைக்காரர்களுக்கு 'ஹிலோ'.

"நம்ம பாலை இங்க கன்னடத்துல ஹாலுங்கறாங்க இல்ல, அந்த மாதிரிதாம்பா. ரெண்டும் ஒரு வயித்துப் புள்ளைங்க. நாம சொல்லவே கூடாது. சண்டை முடியறதுக்குள்ள படிக்கிறவங்க காதுக்கே தெரியணும்."

"எதிரி வாயைத் திறந்தா பயம் வர வேண்டாமா? தாலாட்டு மாதிரி இருக்கே."

"ஏன், எதிரி வீட்ல கொழந்தை தூங்காதா?"

உன்னிடம் தோற்பது எனக்குப் பிடிக்கவில்லை. நான் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன்.

இதழின் கடைசி நான்கு பக்கங்களை வாசகர் கருத்துக்கென்று வெறுமையாக விடுவோம். ஞாயிற்றுக்கிழமைகளில் சிவாஜிநகரில் பஸ் மாறி வருவாய். வந்ததும் முதலில் புரட்டுவது அதைத்தான். 'நன்று.' 'படம் அருமை.' அதற்கு மேல் யாரும் எழுதியதில்லை. அந்த மாதம், நீ வருவதற்கு முந்தின நாள், பெயர் போடாமல் இடது கையால் எழுதினேன்: 'மலைக்காரர் மொழி நம்பும்படி இல்லை. பகைவர் பேச்சில் பகை கேட்கவில்லை.'

படித்தாய். திரும்பப் படித்தாய். முகம் மலர்ந்துவிட்டது.

"யாருப்பா இந்தக் கோணக் கையெழுத்துக்காரரு? முழுசாப் படிச்சிருக்காரு!"

தெரியாது என்றேன்.

ஒரு மாதம் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினாய். 'ஹிலோ' போய் 'த்ரொக்' வந்தது. இரண்டு மொழிகளுக்கும் இனி எந்த உறவும் இல்லை. கதையில் போர் மட்டும் மிஞ்சியது.

என் வீட்டுக் கூடத்தில் அதை வாசித்தாய். என் கல்லூரி நண்பர்கள் ஏழெட்டுப் பேர். மலைக்காரத் தளபதி பேசும் இடம் வந்தது. ஒருவன் குறுக்கே புகுந்தான்.

"என்னப்பா, ஒரே குழாயடிச் சண்டையா இருக்கு, உங்க மர்பி டவுன்ல இன்னிக்குத் தண்ணி வரலையா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும். சற்றுத் தாமதமாக நீயும். பிறகு மீதியை வாசித்தாய். ஒரு சொல்லையும் விடவில்லை. குரல் மட்டும் தணிந்துகொண்டே போனது.

தாலாட்டை உன்னிடமிருந்து பிடுங்கியவன் நான். நீ பிறந்த தெருவை அவர்கள் கையில் எடுத்துக் கொடுத்தவனும் நான்.

அடுத்த ஞாயிறு நீ வரவில்லை. நானும் உன்னைத் தேடி வரவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். பரீட்சை முடியட்டும் என்றும் நினைத்தேன். அதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்தது. போய்விட்டாய். எனக்கு இரண்டு தாள் பாக்கி இருந்தது.

காரியம் முடிந்த மறுநாள் உன் வீட்டுக்கு வந்தேன். உன் தங்கை காப்பி கொண்டுவந்து வைத்தாள். போகாமல் நின்றாள்.

"அண்ணா, அந்தக் கோணக் கையெழுத்துக்காரரு யாருன்னு தெரிஞ்சுதா?"

"ஏம்மா?"

"காய்ச்சல்லகூட அவரைப் பத்தியேதான் பேசிட்டு இருந்துச்சு. மத்தவங்களுக்கெல்லாம் அது விளையாட்டு, அவரு ஒருத்தருதான் அதை மொழின்னு மதிச்சுச் சண்டைக்கு வந்தாரு, பார்த்தா நன்றி சொல்லணும்னு சொல்லிச்சு. நீங்க சொல்லிடறீங்களாண்ணா?"

அவள் கண்ணைப் பார்த்தேன். உன் கண். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"சொல்றேம்மா" என்றேன்.

ஆறு வருஷம் ஆகிறது. நீ சொல்லியனுப்பிய நன்றி என்னிடமே இருக்கிறது. சேர வேண்டிய ஆளிடமே இருந்தும், இன்னும் போய்ச் சேரவில்லை.