நீல விளக்கு எரிந்தால் தீனி

ஜூன் 3, காலை 7.10

பதிவு: ஆவுடையம்மாள், மீன் பார்வை ஆய்வாளர். கடலடி ஆய்வுக்கூடம். உடனிருந்த இருவரும் விடுப்பில் மேலே போய்விட்டார்கள்.

இன்றும் அதே பரிசோதனை. நீல விளக்கைப் போட்டேன். சங்கரா மீன்கள் ஓடிவந்து அதை மொய்த்தன. கணவாய்த் துண்டு கொடுத்தேன். சிவப்பைப் போட்டேன்; ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சிவப்பு ஒளியை மேல்தண்ணீரே விழுங்கிவிடுகிறது. இங்கே வந்து சேராத நிறத்துக்கு இவற்றின் கண்ணில் இடமில்லை. சந்தையில் செக்கச்செவேலென்று கிடக்கும் சங்கரா இங்கே வெறும் சாம்பல் நிழல்.

அதனால்தான் வெளியே எல்லாம் சிவப்பு விளக்குகள். அவை அறியாமல் அவற்றைப் பார்க்கலாம். முழங்கால் வலிக்கிறது. டீத்தூள் வேறு தீர்ந்துவிட்டது.

ஜூன் 4, காலை 11.40

கடலடி மணல் சரிந்தது. கூடம் உருண்டுபோய் ஏதோ பாறை இடுக்கில் செருகி நிற்கிறது. மேலே போகும் கம்பி அறுந்துவிட்டது. இடம் காட்டும் கருவியும் போயிற்று. தண்ணீர் வழியே பேசும் போன் மட்டும் மிச்சம். காற்று இன்று இரவு வரை வரும்.

மீட்புக் கலம் இறங்கிவிட்டது. ஓட்டுபவர் ரொசாரியோ, தூத்துக்குடிக்காரர்.

"மேடம், பயப்படாதீங்க. அவசர விளக்கப் போடுங்க. அதப் பாத்து வந்துருதேன்."

பகல் 1.25

கலத்தின் மோட்டார் சத்தம் இரண்டு முறை தலைக்கு மேலே போயிற்று.

"ஒரு வெளிச்சமும் காணோமே மேடம். போட்டீங்களா இல்லியா?"

போட்டுத்தான் இருந்தேன். அவசர விளக்கும் சிவப்பு! ஆபத்து என்றால் சிவப்பு என்று கரையில் உட்கார்ந்து யாரோ முடிவு செய்திருக்கிறார். இருபதடி தாண்டாது. தினமும் இதையே எழுதும் நான் அதை நிமிர்ந்து பார்த்ததில்லை. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுதேன்.

பகல் 2.05

நீலமாக இருப்பது தீனி விளக்கு ஒன்றுதான். மிச்சமிருக்கும் பேட்டரி விளக்குக்கோ பேசுவதற்கோ ஒன்றுக்குத்தான் வரும். விளக்கைப் போட்டால் அவர் பேசுவதைக் கேட்கலாம், நான் பேச முடியாது. ரொசாரியோவிடம் சொல்லிவிட்டேன்.

"நீலம்னா தூரத்துலயே தெரியும் மேடம். இன்னும் ஒரு சுத்துக்குத்தான் சார்ஜ் இருக்கு. என் லைட்ட அணைச்சிட்டுத் தேடுதேன்."

பேசும் ஒயரை அறுத்து விளக்கில் முறுக்கினேன்; இனி அது திரும்ப ஒட்டாது.

பகல் 2.20

எரிகிறது. மீன்கள் வந்துவிட்டன. இத்தனை உருண்ட பிறகும் எப்படித்தான் கண்டுபிடித்தனவோ. ஒன்றன் மேல் ஒன்றாக விளக்கை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. கண்ணாடியைத் தட்டினேன். நகரவில்லை. விளக்கை அணைத்து மறுபடி போட்டேன். இன்னும் நெருக்கமாக வந்தன. நான் பழக்கியது அப்படி.

பகல் 2.45

மோட்டார் சத்தம். மிக அருகில்.

"மேடம், நான் பேசுறது கேக்குதுன்னு நெனைக்கேன். பாறைய ஒட்டி மீன் கூட்டம் ஒண்ணு திரையில தெரியுது. நீலம் எங்கயும் காணோம். மேல போய் சார்ஜ் ஏத்தாம முடியாது, விடியக்காலம் ஆயிரும், வேற வழியில்ல, வந்துருதேன். தைரியமா இருங்க."

கத்தினேன். பேசும் ஒயரின் அறுந்த முனைதான் என் கையில் இருந்தது.

மாலை 6

விளக்கு மங்குகிறது. சிவப்புக் கைவிளக்கைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். எல்லாம் செக்கச்செவேலென்று, சந்தையில் பார்த்த மாதிரியே. அவற்றுக்கு அது தெரியாது.

கண்டெடுப்பவருக்கு: மீன்கள் மேல் தப்பில்லை. இன்னும் வாய் திறந்து காத்திருக்கின்றன. விளக்கைப் போட்டுவிட்டுத் தீனி கொடுக்காமல் ஒருநாளும் நான்