அக்கா கை காட்டாத நாள்

ஏப்ரல் 4, சனி

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: என் இடுப்பும் என் அக்காவின் இடுப்பும் ஒரே அளவுதான் என்பது இன்று காலை தக்க சாட்சிகள் முன்னிலையில் ஐயந்திரிபற நிரூபணமானது. வாணவேடிக்கை ஏதும் நடத்தப்படவில்லை. சம்பந்தப்பட்ட அக்கா மட்டும் "சீ" என்றாள்.

விஷயம் இதுதான். அக்கா ஓட்டுவது உலகத்திலேயே வேகமான பந்தயத்தில் ஓடும் ஒற்றை ஆள் கார். அதன் இருக்கையை அவளையே உட்காரவைத்து, உடம்பின் மேடுபள்ளம் பார்த்து வார்ப்பார்கள். வேறு யார் உட்கார்ந்தாலும் எங்காவது குத்தும். நான் உட்கார்ந்தேன். குத்தவில்லை. பதினாறு வருடத்தில் தலையால் வாங்க முடியாத நூற்றுக்கு நூறைப் பின்பக்கம் வாங்கிக் கொடுத்துவிட்டது.

அதனால் எனக்கு ஒரு பதவியும் கிடைத்தது. அடுத்த மாதம் எங்கள் ஊர் ஓடுதளத்தில் பந்தயம். மோதிய காரிலிருந்து ஓட்டுநரை அலுங்காமல் வெளியே எடுக்கும் மீட்புக் குழு, அதற்காகச் சனிக்கிழமைதோறும் பயிற்சி செய்கிறது. அடிபட்டவராக உட்கார ஓர் ஆள் வேண்டும். அக்காவுக்கு நேரமில்லை. அவளுடைய பழைய இருக்கையும் தம்பியும் சும்மாதான் கிடக்கிறார்கள்.

பிணமாக இருக்கப் பணம் உண்டா என்று கேட்டேன். பிணம் இல்லை, காயம் மட்டும்தானாம். காயத்துக்கு ஒரு பன் உண்டாம்.

ஏப்ரல் 11, சனி

இன்று நான்கு முறை செத்தேன்.

குழுவில் எல்லோருக்கும் வாரநாளில் வேறு பிழைப்பு. ஒருவர் பஸ் ஓட்டுகிறார். ஒருவர் லிஃப்ட் பழுது பார்க்கிறார் (ஆளைத் தூக்குவது அவருக்குக் குலத்தொழில் மாதிரி). தலைமை ஒரு பல் டாக்டர். அம்மா வயது, அம்மாவைவிடக் குறைவான பேச்சு. கார் மோதினால் அவர்தான் போய் ஓட்டுநரின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். அவர் சொன்னால்தான் மற்றவர்கள் தூக்கலாம், இறக்கலாம், தும்மலாம். தலையைப் பிடித்திருப்பவரே தலைவர். இப்படி ஒரு சட்டம் வரும் என்று தமிழுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

நான் பெல்ட் எல்லாம் மாட்டி, ஹெல்மெட் போட்டு, கண் செருகி, உயில் வாசித்துக்கொண்டிருந்தேன். சைக்கிள் பக்கத்து வீட்டுப் பையனுக்கு, கணக்குப் புத்தகம் எதிரிகளுக்கு.

"தம்பி, கழுத்து வலிக்குதா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"செத்துட்ட," என்றார் பல் டாக்டர்.

"யாரு?"

"நீதான். ஒடஞ்ச கழுத்த வெச்சுக்கிட்டு தலையாட்டின. எல்லாரும் மொதல்லேர்ந்து வாங்க."

இரண்டாவது மரணம் பஸ்காரரால். பக்கவாட்டில் வந்து "டேய் வாலு" என்றார். திரும்பிப் பார்த்தேன். அதற்குத் திட்டு வாங்கியது அவர். எப்போதும் முன்னால், கண்ணுக்கு நேராக வந்து நின்றுதான் பேச வேண்டுமாம். கூப்பிட்டால் திரும்புவது மனிதப் பழக்கம். அந்தப் பழக்கம்தான் ஆளை முடிக்குமாம்.

மூன்றும் நான்கும் சிரித்ததால்.

ஐந்தாம் முறை பிழைத்தேன். கழுத்தைச் சுற்றிப் பட்டை கட்டி, இருக்கையின் துளைகளில் வார்களைக் கோத்து, இருக்கையோடு சேர்த்துத் தூக்கினார்கள். வீடு மாற்றும்போது சோபாவை இறக்குவார்களே, அதைவிடக் கொஞ்சம் மரியாதையாக.

ஏப்ரல் 15, புதன்

அக்கா காரில் ஓட்டுநர் தலைக்கு முன்னும் பக்கத்திலுமாக ஒரு வளையம் இருக்கும். குழந்தைக்கு நடைவண்டி மாதிரி. முதலில் அதைப் பார்த்து நானும் சிரித்தேன், அவளும் சிரித்தாள். போன வருடம் முன்னால் போன காரின் சக்கரம் கழன்று வந்து அந்த வளையத்தில் மோதித் தெறித்தது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் சிரிப்பதில்லை. யார் உட்கார்ந்து யோசித்தார்களோ, அவர்கள் வீட்டு இட்லிக்கும் இரட்டைச் சக்கரம் முளைக்கட்டும். (இட்லிக்கு எதற்குச் சக்கரம்? தெரியவில்லை. வாழ்த்தும்போது வாய் உளறுகிறது.)

அம்மா மட்டும் எந்தப் பந்தயத்தையும் பார்ப்பதில்லை. டிவியின் சத்தத்தை அணைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு துணி இஸ்திரி போடுவாள். பந்தயம் உள்ள ஞாயிறுகளில் எங்கள் வீட்டில் கைக்குட்டை, காலுறை, துடைக்கும் துணி எல்லாமே மடிப்புக் கலையாமல் இருக்கும்.

ஏப்ரல் 18, சனி

இன்று வரலாறு படைத்தேன்.

தூக்குவதற்கு எல்லாம் தயார். பல் டாக்டரின் கைகள் என் தலையை நோக்கி வருகின்றன. அந்த நொடியில் நான் பெல்ட்டைத் தட்டிவிட்டு, ஒரே துள்ளலில் எழுந்து, பயிற்சிக் காரின் வளையத்தின் மேல் ஏறி நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். லிஃப்ட்காரர் கையிலிருந்த கழுத்துப் பட்டை பறந்தது.

"என்னடா கூத்து இது?" என்றார் பஸ்காரர்.

"அக்கா இப்படித்தான் பண்ணுவா," என்றேன். "நான் அக்காவாத்தானே நடிக்கிறேன்? அசையாம உக்காந்திருந்தா அது அக்காவே இல்ல."

பொய் இல்லை. எவ்வளவு மோசமாக மோதினாலும் அக்கா குதித்து வெளியே வந்து கேமராவைப் பார்த்துக் கை காட்டுவாள். ரசிகர்களுக்கு என்றுதான் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். பல் டாக்டரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

"ரசிகர்களுக்கு இல்ல டாக்டர். எங்கம்மாவுக்கு. அவ மோதிட்டா நாங்க கூப்பிடுவோம், அம்மா திரும்பிப் பாப்பாங்க. அதுக்குள்ள கை காட்டிடணும். மொத பந்தயத்துலேர்ந்தே அவங்களுக்குள்ள ஒப்பந்தம்."

பல் டாக்டர் கையுறையைக் கழற்றினார்.

"கழுத்து ஒடஞ்சிருந்தாலும் குதிப்பாளா?"

பறந்துபோன கழுத்துப் பட்டையைப் பொறுக்கி அவரிடம் கொடுத்தேன். குதிப்பாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

பல் டாக்டர் வீட்டுக்கு வந்தார். அம்மா அவசர அவசரமாக நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளினாள். அக்கா வெளியூர் பந்தயத்தில்.

"உங்க பொண்ணு கை காட்டறத நிறுத்தணும்," என்றார், வந்த காலோடு.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அது ஒண்ணுதாங்க எனக்கு இருக்கு. அதையும் பிடுங்கினா நான் என்னத்தப் பாத்து மூச்சு விடறது?"

"ரொம்ப வேகமா மோதினா கார்ல ஒரு விளக்கு எரியும். அது எரிஞ்சா நாங்க வர்ற வரைக்கும் ஓட்டறவங்க அசையக் கூடாது. அப்ப வலி தெரியாது, நல்லாத்தான் இருக்கோம்னு தோணும். எந்திரிச்சு நின்ன பிறகுதான் காலு வேலை செய்யலேன்னு தெரியும்." நாற்காலியை அம்மா பக்கம் இழுத்துப்போட்டார். "நீங்க சொன்னாத்தான் அவ கேப்பா."

"அப்ப அவ உயிரோட இருக்காளான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கொஞ்ச நேரம் தெரியாது. அந்தக் கொஞ்ச நேரத்த நீங்க எனக்குக் குடுக்கணும்."

அம்மா வெகுநேரம் ஒரு துண்டை மடித்தாள், பிரித்தாள், மடித்தாள்.

ஏப்ரல் 22, புதன்

அக்கா வந்தாள். சாப்பிடும்போது அம்மா சாதாரணமாகச் சொன்னாள். "இனிமே நீ கை காட்ட வேணாம். அந்த டாக்டர் வந்து சொல்ற வரைக்கும் சும்மா உக்காந்திரு."

"நீ பயந்துடுவியேம்மா."

"பயந்துட்டுப் போறேன். எனக்கு வேற வேலை என்ன."

அக்கா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா அவளுக்குத் தண்ணீர் ஊற்றினார், டம்ளர் நிறைந்த பிறகும் ஊற்றினார்.

மே 9, சனி

நாளை பந்தயம். இன்றைய கடைசிப் பயிற்சியில் நான் ஒரு முறைகூடச் சாகவில்லை. நான் துள்ளியதால்தானே குழுவுக்கு உண்மை தெரிந்தது? பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டேன்: மீட்புக் குழுவின் கை அவர்கள், மூளை நான்.

மே 11, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

அப்பா அணியினரோடு ஓடுதளத்தில். அம்மா, "இந்தத் தடவை நான் பாக்கறேன், நீ கூட இரு," என்றாள். இஸ்திரிப் பெட்டியை எடுக்கவில்லை.

எங்கள் வீடு ஓடுதளத்துக்குப் பக்கம். கார்களின் இரைச்சல் முதலில் ஜன்னல் வழியாக வரும். டிவியில் படம் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். பந்தயம் பாதி தாண்டியிருக்கும். ஜன்னலில் சத்தம் ஒவ்வொன்றாகக் குறைந்து, நின்றேபோனது.

"ஏன்டா சத்தம் நின்னுச்சு?"

டிவியில் அக்கா இன்னும் நன்றாக ஓட்டிக்கொண்டிருந்தாள். யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது, யாருக்கு என்று டிவிக்கு இன்னும் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் அவள் வளைவுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். போகாதே என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே போய்விட்டாள்.

முன்னால் போன கார் சுழன்றது. அவளுக்கு ஒதுங்க இடமில்லை. பக்கவாட்டில் தடுப்புச் சுவரில் மோதி, கவிழ்ந்து, தலைகீழாக வழுக்கிக்கொண்டே போய், மறுபடி நிமிர்ந்து நின்றது. வளையம் முழுக்கத் தேய்ந்து வெள்ளையாகத் தெரிந்தது. அந்த விளக்கு எரிந்தது.

கை வரவில்லை.

ஹெல்மெட் தெரிகிறது. அசையவில்லை. கை காட்டுடி, ஒரு தடவை, ஒரே ஒரு விரலாவது — எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. பயிற்சி, விதி, நான்கு மரணம், எதுவும் ஞாபகமில்லை. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, டிவியைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள்:

"அசையல பாரு. சொன்ன பேச்சக் கேக்கறா."

பல் டாக்டர் ஓடி வந்தார். பக்கவாட்டில் இல்லை. முன்னால் வந்து, கண்ணுக்கு நேராக நின்றார். பிறகு கைகள் தலைக்குப் போயின. பிறகு துணித்திரை கட்டி மறைத்துவிட்டார்கள். தெரியாத அந்தக் கொஞ்ச நேரத்தை அம்மா கொடுத்தாள். நானும் கொடுத்தேன், ஆனால் அழுதுகொண்டே.

அப்பா போன் செய்தார். "பேசறா. கால் விரல அசைக்கறா." அவ்வளவுதான் சொல்ல வந்தது அவருக்கு.

மே 13, புதன்

கழுத்தெலும்பில் முறிவு. ஒரு சில்லு தண்டுவடத்தைத் தொடாமல் பக்கத்திலேயே நின்றிருக்கிறது. ஆபரேஷன் முடிந்தது. நடப்பாள் என்கிறார்கள்.

"எந்திரிச்சு நின்னிருந்தா?" என்று அப்பா கேட்டார்.

அறுவை மருத்துவர், "அதான் நிக்கலையே சார்," என்றார். நல்ல மனிதர்.

மே 21, வியாழன்

அம்மா பல் டாக்டருக்கு நன்றி சொல்ல அவருடைய கிளினிக்குக்குப் போனாள். ஆம்புலன்ஸில் ஏறி ஆஸ்பத்திரியில் இறக்கும்வரை அவர் அக்காவின் தலையிலிருந்து கையை எடுக்கவே இல்லையாம். பிறகு விரல்களைப் பஸ்காரர்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாராம். அம்மா நன்றி சொல்ல வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. அவர், "தெறந்தது தெறந்தீங்க, இன்னும் கொஞ்சம் தெறங்க," என்று பார்த்துவிட்டு, சொத்தைப் பல் ஒன்றை அடைத்து அனுப்பியிருக்கிறார். மறுபடி ஒரு நன்றிக்கடன்.

ஜூன் 6, சனி

மீட்புக் குழுவுக்கு வீட்டில் டீ. அக்கா கழுத்துப் பட்டையோடு, சுவரைப் பிடிக்காமல், தானே நடந்து வந்து உட்கார்ந்தாள். எல்லோரும் ஜன்னலைப் பார்ப்பதுபோல் அவள் கால்களைப் பார்த்தார்கள்.

"என்னக் காப்பாத்தினது நீங்க. ஆனா ஆரம்பிச்சு வெச்சது இவன்," என்று அக்கா என்னைக் காட்டினாள். "அன்னைக்கு இவன் என்ன மாதிரியே துள்ளிக் காட்டலேன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது." கைதட்டினார்கள். பஸ்காரர், "மூளைக்கு ஒரு பிஸ்கட்," என்று நீட்டினார். நெஞ்சை நிமிர்த்தி எடுத்துக்கொண்டேன். கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தேன்.

சரி, எழுதிவிடுகிறேன். அன்று நான் அக்காவாக நடிக்கவில்லை. பயிற்சியும் இல்லை, மூளையும் இல்லை. பன்னை இருக்கையிலேயே வைத்துத் தின்றேன், தூள் சிந்தியது, எறும்பு வந்தது. பெல்ட்டுக்கு அடியில், சொல்லக் கூடாத இடத்தில் ஒன்று கடித்தது. குதித்தேன். கை ஆட்டியது கை ஆட்டல் இல்லை, வலி. எல்லோரும் முறைத்தபோது வாயில் வந்த சாக்குதான் அக்கா.

பல் டாக்டர் டம்ளரை வைக்க அடுக்களைக்கு வந்தபோது மெல்ல உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டார்.

"எங்க கடிச்சுது?"

"அத மட்டும் கேக்காதீங்க டாக்டர்."

"சரி விடு. எறும்பக் கூப்பிட்டு பிஸ்கட் குடுக்க முடியாது. நீயே தின்னு."

பின்னாலிருந்து ஒரு குரல். "எறும்பா?"

அக்கா அடுக்களை வாசலில். அவள் கழுத்தைத் திருப்பக் கூடாது. அதனால் சின்னச் சின்ன அடியாக எடுத்துவைத்து, முழு உடம்போடு என் பக்கம் திரும்பி, தன் இரண்டு காலில் நேராக நின்று என்னை முறைத்தாள்.

முறைக்கட்டும். நாளெல்லாம் நின்று முறைக்கட்டும்.