பங்குனியில் வந்த போன்

நரேலா, டெல்லி
சித்திரை 6

அன்பான ஸ்நேகா கண்ணுக்கு உன் ஆயா ருக்மிணி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மா உமாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் அந்த அமெரிக்கா ஊரில் வேளைக்குச் சாப்பிட்டு முட்டி வலி இல்லாமல் ஓடியாடி இருக்க நம் மாரியம்மன் துணை நிற்கட்டும். போன் இருக்கும்போது காகிதத்தில் எதற்கு எழுதுகிறேன் என்று நினைப்பாய். போனில் என் குரல் கொஞ்சம் கம்மினாலே பரவாயில்லை ஆயா, விடு என்று நீ சொல்லிவிடுவாய், இது விடுகிற விஷயம் இல்லை. உன் அம்மா இதைப் போட்டோ எடுத்து அனுப்புவாள். லோதி ரோடு ஸ்கூலில் எட்டு வருஷம் தமிழ் படித்தவள் நீ, ஐந்தாவதோடு நின்ற என் கையெழுத்தை எழுத்துக் கூட்டியாவது கடைசி வரை படித்துவிடு.

வீட்டுச் சேதி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம் வருகிறது, அதற்குள் பிடித்துக்கொள்கிறோம். ஜங்புராவில் நம் குடிசை கேம்ப்பை இடித்து வருகிற வைகாசிக்கு ஒரு வருஷம் ஆகப் போகிறது, இன்னும் நான் காலையில் எழுந்தால் கதவு எந்தப் பக்கம் என்று தேடுகிறேன். உன் அம்மா ஜங்புரா போய்த் திரும்ப ஐந்து மணி நேரம் ஆகிறது, அதனால் இரண்டு வீட்டு வேலையை விட்டுவிட்டு ஒரு வீடுதான் வைத்திருக்கிறாள். கேம்ப்பில் எதிர்வீட்டில் இருந்த வத்சலா இங்கே வீடு கிடைக்காமல் கள்ளக்குறிச்சிக்கே போய்விட்டாள். நீ கூடைப்பந்தோடு எம்பி நிற்கிற படத்தைக் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். காய் வண்டி பையாவிடம் என் பேத்தி அமெரிக்காவில் விளையாடுகிறாள் என்று சொன்னால், நேற்றும் சொன்னீங்க அம்மா, முந்தாநாளும் சொன்னீங்க, வெண்டைக்காய் வேணுமா வேண்டாமா என்கிறான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன்னைக் கூட்டிப்போன பெரிய கோச் வேலையை விட்டுப் போனதும், புதிதாக வந்தவர் உன்னை பெஞ்சிலேயே உட்கார வைத்ததும், வேறு காலேஜுக்கு மாற நினைக்கிற ஆட்டக்காரர்களின் பட்டியலில் நீ உன் பேரைக் கொடுத்ததும் எல்லாம் எனக்குத் தெரியும். ஒரு காலேஜ் உன்னை ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்து, திடீரென்று ஒரே வரியில் இடம் நிரம்பிவிட்டது என்று எழுதிவிட்டார்கள் என்று நீ அழுதாய் அல்லவா. நான் லாயக்கில்லை ஆயா, அதான் விட்டுட்டாங்க, இனிமே பந்தைத் தொட மாட்டேன், பரீட்சை முடிஞ்சதும் வீட்டுக்கு வந்துடறேன் என்றாய். கண்ணு, அவர்கள் உன்னை விடவில்லை. நான்தான் விட வைத்தேன்.

பங்குனி இருபத்தைந்தாம் தேதி காலையில் உன் அம்மா போனைச் சார்ஜில் மறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். ஏழு மணி இருக்கும், மணி அடித்தது, எடுத்தேன். அந்தக் காலேஜின் சின்ன கோச், ஹர்லீன் என்று பேர், லுதியானாப் பக்கத்துப் பெண்ணாம், நல்ல ஹிந்தியில் மாஜி மாஜி என்று பேசினாள். நீ வீட்டைக் கேட்காமல் எதுவும் செய்ய மாட்டேன் என்று சொன்னாயாம், அதனால் வீட்டார் வாயால் ஒரு சம்மதம் கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறாள். நாளை சாயங்காலத்துக்குள் சொல்லிவிடுங்கள், இன்னொரு பெண்ணும் காத்திருக்கிறாள் என்றாள். அந்த ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். நீ இப்போது இருக்கிற இடத்திலிருந்து விமானத்தில் நாலு மணி நேரம், ஆறு மாசம் பனி என்றாள். பங்குனி மாசத்தில் நாங்கள் குடி மாற மாட்டோம், சித்திரை பிறக்கட்டும், பெரியவர்களைக் கலந்துகொண்டு சொல்கிறோம் என்றேன். இன்னொரு பெண் இருக்கிறாள் என்றதை, கல்யாணத் தரகன் வேறு இடத்திலும் கேட்கிறார்கள் என்று அவசரப்படுத்துகிற மாதிரி நினைத்துக்கொண்டேன். பெண் வீடு உடனே சரி என்று சொன்னால் மதிப்பு இருக்காது என்றும் தோன்றியது. அவள் இரண்டு தரம் கேட்டுப் பார்த்தாள், பிறகு சரி மாஜி, குடும்பத்தை நான் வற்புறுத்த மாட்டேன் என்று வைத்துவிட்டாள்.

இவ்வளவோடு நிறுத்தினால் பங்குனி மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்வேன். கேம்ப்பில் நம் வீட்டை இடித்தபோது யாரும் மாசம் பார்க்கவில்லை, பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு நாமும்தான் மாறினோம். உண்மை என்னவென்றால், யாரும் எடுத்துக்கொள்ளாவிட்டால் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று நீ மாசியிலேயே ஒரு நாள் சொன்னது என் மனசில் இருந்தது. அந்தப் பெண் பேசப் பேச எனக்குள் ஓடியது அதுதான். சாயங்காலம் உன் அம்மா யார் கூப்பிட்டது, வெளிநாட்டு நம்பராக இருக்கிறதே என்று கேட்டாள். ஏதோ கம்பெனிக்காரன் என்று சொன்னேன். நீ அழுத அன்றும் சொல்லவில்லை. நீ வரப்போகிறாய் என்று அரிசி வடகத்துக்குக் கூட ஊறப் போட்டேன், அதுதான் எனக்கே தாங்கவில்லை. பிழியாமல் அப்படியே புளித்துப் போயிற்று.

நேற்று விடியலில் உன் அம்மா வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன். ஒரு செருப்போடு படியில் உட்கார்ந்துவிட்டாள். "என்ன எட்டாவதோட நிறுத்தி வீட்டு வேலைக்கு அனுப்பின. ஒருநாளும் ஏன்னு உன்ன கேட்டதில்ல. இவளயுமாம்மா?" என்றாள். பஸ் போய்விட்டது, அடுத்த பஸ்ஸில் போனாள்.

இன்று காலை அவளே நம்பரைப் போட்டு என் கையில் கொடுத்து நீயே பேசு என்றாள். ஹர்லீனிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அந்த இடத்துக்கு வேறு பெண் கையெழுத்துப் போட்டாயிற்றாம், அதை மாற்ற முடியாதாம். கோபப்படவில்லை. ஸ்நேகாவுக்கு விருப்பமில்லை என்று நினைத்துவிட்டேன் மாஜி, அவள் எனக்குப் போன் செய்யட்டும், வேறு எந்தக் கோச் அவளைப் பற்றிக் கேட்டாலும் என் வாயால் நல்லதாகச் சொல்வேன் என்றாள். யாராவது கேட்பார்களா, கேட்க மாட்டார்களா என்று எனக்குத் தெரியாது, அவளும் உறுதி சொல்லவில்லை.

ஆனால் பங்குனியில் அவள் உன்னைப் பற்றிச் சொன்ன ஒன்றை நான் யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டேன். அது உன்னுடையது, அவள் ஹிந்தியில் சொன்னதை அப்படியே தமிழில் எழுதுகிறேன். "உங்க பொண்ணு ஆடின பதினொரு ஆட்டம் பார்த்தேன் மாஜி. எல்லாரும் பந்தைப் பார்க்கறாங்க, அவ மட்டும் யார் தனியா நிக்கறாங்கன்னு பார்க்கறா. அதை யாரும் கத்துக் கொடுக்க முடியாது. எனக்கு அவ வேணும்." இதைக் கேட்ட பிறகும்தான் நான் பங்குனி என்றேன்.

என்னை மன்னி என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. உனக்குக் கோபம் வந்தால் வரட்டும், கொஞ்ச நாள் என்னோடு பேசாவிட்டாலும் சரி, அம்மாவோடு பேசு. பேரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதே, ஹர்லீன் நம்பரை அம்மா இதோடு அனுப்புகிறாள், படித்ததும் கூப்பிடு. முட்டிக்குப் பட்டை கட்டாமல் ஓடாதே, முட்டையை மறக்காமல் சாப்பிடு. நீ எந்த ஊருக்குப் போனாலும் அங்கே நன்றாக இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். எப்போது வருகிறாய் என்று ஒவ்வொரு தரமும் கேட்பேன் அல்லவா, இந்தத் தரம் கேட்கவில்லை, பார்த்துக்கொள்.

உன் மேல் பிரியம் குறையாத ஆயா,
ருக்மிணி